அரிசோனாவின் கல்மரப் பூங்காவை அரை நாளில் பார்ப்பது எப்படி?

கேட்கப்பட்டது இது: ஜூலையில் கிராண்ட் கேன்யன் பார்த்துவிட்டு நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நோக்கிக் காரில் போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் எட்டு வயதுப் பிள்ளையும் உடன் வருகிறார்கள். வழியில் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும். போகலாமா? எந்தப் பக்கம் நுழைவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது?

தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த அரை நாள் காலை நேரமாக இருக்க வேண்டும். மூன்று நான்கு இடங்களிலாவது காரை விட்டு இறங்கி நடக்க வேண்டும். "ஒன்றுமே இல்லை, வெறும் பொட்டல்" என்று சொல்லித் திரும்புகிறவர்களில் பலர் 28 மைல் சாலையையும் கார்க் கண்ணாடி வழியாகவே பார்த்தவர்கள். சாலையிலிருந்து பார்த்தால் கல்மரங்கள், அதாவது கல்லாக மாறிய பழங்கால மரங்கள், பழுப்புப் பாறைத் துண்டுகளாகத்தான் தெரியும். பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்கும்போதுதான் அவை என்ன என்பது புரியும். இன்னொன்றையும் முன்கூட்டியே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: கல்லாகி நிமிர்ந்து நிற்கும் காடு அங்கே இல்லை. கிட்டத்தட்ட எல்லாமே விழுந்து கிடக்கும் அடிமரங்கள். கிளை, இலை, பட்டை எதுவும் பெரும்பாலும் மிஞ்சவில்லை.

முதலில் வழி. பூங்காவுக்கு இரண்டு வாசல்கள். வடக்கு வாசல் இன்டர்ஸ்டேட் 40 (ஐ-40) நெடுஞ்சாலையின் 311ஆம் எக்ஸிட்டை ஒட்டியே இருக்கிறது. தெற்கு வாசல் ஹோல்புரூக் ஊரிலிருந்து யு.எஸ். 180 சாலையில் சுமார் 19 மைல் தென்கிழக்கே. இரண்டையும் இணைப்பது பூங்காவின் ஒரே பெரிய சாலை. நீங்கள் மேற்கிலிருந்து வருவதால் 285ஆம் எக்ஸிட்டில் இறங்கி, ஹோல்புரூக் வழியாகத் தெற்கு வாசலுக்குப் போய், பூங்காவை வடக்கு நோக்கிக் கடந்து, 311இல் மறுபடியும் ஐ-40 ஏறிவிடுங்கள். ஒரு மைல்கூடத் திரும்பி வர வேண்டியதில்லை. கிழக்கே ஆல்புகர்க்கி பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இதே பயணம் தலைகீழ்.

மொபைல் மேப் காட்டும் வழியை அப்படியே நம்ப வேண்டாம். பூங்காவின் பெயரை மட்டும் போட்டால் அது வடக்கு வாசலுக்கே கூட்டிப்போக வாய்ப்பு அதிகம். ஹோல்புரூக்கைத் தாண்டி 25 மைல் போன பிறகு தெரிந்துகொண்டு என்ன பயன்? "ரெயின்போ ஃபாரஸ்ட் மியூசியம்" என்று தேடிப் போங்கள். அது தெற்கு வாசலுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. வரைபடத்தில் பூங்காச் சாலை ஐ-40ஐக் குறுக்கே கடப்பதைப் பார்த்துவிட்டு, அங்கே நெடுஞ்சாலையில் இறங்கிக்கொள்ளலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். அது வெறும் மேம்பாலம். இறங்க வழி இல்லை. ஆக, பாதியில் களைத்துப்போனாலும் ஏதாவது ஒரு வாசல் வரை ஓட்டியே ஆக வேண்டும். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும்.

அடுத்து கடிகாரம். இந்தப் பூங்கா இரவில் மூடப்படும். பொதுவாகக் காலை 8 முதல் மாலை 5 வரை. பருவத்துக்கு ஏற்ப மாறக்கூடும் என்பதால் கிளம்பும் முன் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மூடும் நேரம் நெருங்கியதும் உள்ளே இருப்பவர்களை வெளியேறச் சொல்லிவிடுவார்கள். மூன்றரை மணிக்கு உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்பது நடக்காத காரியம். இதில் ஒரு சிக்கல் வேறு: அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை; பெரும்பகுதி அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியும் நியூ மெக்சிகோவும் மாற்றும். பூங்கா நடப்பது அரிசோனா நேரப்படி. அந்த வட்டாரத்தில் போனின் கடிகாரம் எந்த டவரைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மணி நேரம் முன்னே குதிக்கலாம். கைக்கடிகாரம் ஒன்றை அரிசோனா நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சான்டா ஃபேயில் ஹோட்டல் செக்-இன் நேரத்தைக் கணக்கிடும்போதும் ஜூலையில் ஒரு மணி நேரம் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

கிராண்ட் கேன்யனிலிருந்து அதே நாள் காலையில் கிளம்பினால் நேரம் ஒத்துவராது. ஃபிளாக்ஸ்டாஃப் வரை சுமார் 80 மைல், அங்கிருந்து ஹோல்புரூக் இன்னும் 90 மைல். முந்தின இரவே ஹோல்புரூக்கிலோ, அதற்கு மேற்கே 30 மைல் சொச்சத்தில் இருக்கும் வின்ஸ்லோவிலோ தங்கிவிடுங்கள். பூங்காவுக்குள் ஹோட்டலும் இல்லை, கார் நிறுத்திக் கூடாரம் போடும் இடமும் இல்லை. ஹோல்புரூக்கில் வழக்கமான சங்கிலி மோட்டல்களோடு, கான்கிரீட்டில் கூம்புக் கூடாரங்களாகக் கட்டிய பழைய விக்வாம் மோட்டலும் இருக்கிறது. பிள்ளைக்கு அது பிடிக்கும். அறைகள் குறைவு, முன்பதிவு வேண்டும். பெட்ரோலை ஹோல்புரூக்கிலேயே நிரப்பிவிடுங்கள். மின்கார் என்றால் சார்ஜும் அங்கேயே. நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 25 டாலர், ஏழு நாள் செல்லும். தேசியப் பூங்காக்களின் ஆண்டு பாஸ் வைத்துக் கிராண்ட் கேன்யன் போயிருந்தால் அதுவே இங்கேயும் செல்லும்.

காலை 8 மணிக்குத் தெற்கு வாசலில் நின்றால், மதியம் ஒன்றரை இரண்டு மணிக்கு அவசரமில்லாமல் வடக்கே வெளியேறலாம். அந்த நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதை இனி இடம் இடமாகச் சொல்கிறேன்.

மியூசியத்தில் அரை மணிக்கு மேல் வேண்டாம். டைனோசர்கள் தோன்றத் தொடங்கிய டிரயாசிக் காலத்து விலங்குகளின் எலும்புக்கூடுகளும் மாதிரிகளும் அங்கே இருக்கின்றன. முதலையைப் போன்ற நீண்ட மூக்குள்ள ஃபைட்டோசாரைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்; அது முதலையும் அல்ல, டைனோசரும் அல்ல. சிறுவர்களுக்கான ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டால் தருவார்கள். உள்ளே இருக்கும் கேள்விகளைப் பூங்காவில் சுற்றியபடியே முடித்து, வடக்கு வாசல் மையத்தில் காட்டினால் பேட்ஜ் கிடைக்கும். எட்டு வயதுக்கு அதைவிட நல்ல வேலை வேறில்லை.

மியூசியத்தின் பின்கதவைத் திறந்தால் ஜயன்ட் லாக்ஸ் பாதை. சுற்றி வர 0.4 மைல்தான். பூங்காவின் மிகப் பருமனான அடிமரங்கள் பல இங்கேதான் கிடக்கின்றன. மேட்டின் உச்சியில் கிடக்கும் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற மரம் 35 அடி நீளம். வேர்ப்பக்கம் ஏறக்குறைய 10 அடி அகலம். அப்பா அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும்: பாதையில் பல இடங்களில் படிக்கட்டுகள் உண்டு. படி ஏற முடியாதவர்கள் மியூசியத்தை ஒட்டிக் கிடக்கும் மரங்களைப் பார்த்தாலே போதும். அவையும் சிறியவை அல்ல.

இங்கே ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் பழுப்பு நிறம், மரத்தின் வரிகள், கிளை முறிந்த முடிச்சு என்று சந்தேகமே இல்லாமல் மரம். வெட்டுமுகத்துக்கு வந்தால் ரத்தச் சிவப்பும் கடுகு மஞ்சளும் வெள்ளையும் கருப்பும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருக்கும். பிளவுகளுக்குள் கண்ணாடிச் சில்லுகளாகக் குவார்ட்ஸ் படிகங்கள் மின்னும். இந்த மரங்கள் ஏறக்குறைய 21 முதல் 22 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் பூமத்திய ரேகைக்கு அருகில் ஆறுகளும் சதுப்புமாக இருந்த காலத்தில் வளர்ந்த ஊசியிலை மரங்கள். ஆற்றில் அடித்து வரப்பட்டபோதே கிளையும் பட்டையும் உதிர்ந்துவிட்டன. வண்டலும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்து அவற்றைச் சட்டென்று மூடியதால் காற்று பட்டு மக்கிப்போகவில்லை. சாம்பலில் இருந்த சிலிக்கா என்ற கனிமம் நிலத்தடி நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறி, மெல்ல மெல்லக் குவார்ட்ஸாக உறைந்தது. தூய குவார்ட்ஸுக்கு நிறமில்லை, அல்லது வெள்ளை. சிவப்பும் மஞ்சளும் காவியும் இரும்பு தந்த நிறங்கள். கருப்புக்கும் ஊதாவுக்கும் மாங்கனீஸ் ஒரு காரணம். பேனாக்கத்தியால் கீறினாலும் கோடு விழாத கடினம் இது. கீறிப் பார்க்கவும் கூடாது, அனுமதி இல்லை.

பார்க்கிற எல்லோரும் கேட்கும் கேள்வி, "இதையெல்லாம் யார் அறுத்துப் போட்டது?" என்பதுதான். முருங்கைக்காயை நறுக்கி வரிசை கலையாமல் வைத்தது போல, ஒரே நீளத் துண்டுகளாக மரங்கள் கிடக்கும். யாரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் கடினம்தான், ஆனால் வளையாது. கொலராடோ பீடபூமி மேலெழுந்தபோது ஏற்பட்ட அழுத்தத்தில், மண்ணுக்குள் புதைந்திருந்த நீண்ட கல்தண்டுகள் குறுக்கே முறிந்தன. பிறகு மண் அரித்துப் போனதும் முறிந்த துண்டுகள் அப்படியே வெளியே வந்தன. சில இடங்களில் அடியிலிருந்த களிமண் ஒரு பக்கம் மட்டும் கரைய, துண்டுகள் சரிவில் உருண்டு சிதறியிருப்பதையும் காணலாம்.

மியூசியத்துக்கு எதிர்ப்புறம் லாங் லாக்ஸ் பாதை (1.6 மைல்), அகேட் ஹவுஸ் பாதை (2 மைல்) என்று இரண்டு. சேர்த்து நடந்தால் 2.6 மைல். அகேட் ஹவுஸ் என்பது கல்மரத் துண்டுகளையே செங்கல்லாக வைத்துப் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டிய சிறு வீடு. 1930களில் அதன் ஒரு பகுதியைத் திருத்திக் கட்டினார்கள். அருமையான இடம்தான். ஆனால் ஜூலையில் பெரியவர்களையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நிழலே இல்லாத இரண்டு மைல் வேண்டாம். இதை விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதில் வடக்கே சில மைல் தள்ளி இருக்கும் கிரிஸ்டல் ஃபாரஸ்ட்டில் நடங்கள். 0.75 மைல், தளமிட்ட பாதை. மரத்துண்டுகள் பாதையோரத்திலேயே கிடக்கும். படிகங்களைக் கிட்டத்தில் பார்க்க இதுதான் வசதி. முன்பு உள்ளே ஊதாப் படிகங்கள் நிறைந்த மரங்கள் இங்கே இருந்தன. பூங்காவாகப் பாதுகாக்கப்படும் முன், நல்ல படிகங்களுக்காக அவற்றை உடைத்து எடுத்துவிட்டார்கள். இன்று தெரிவது அவர்கள் விட்டுவைத்தது. அந்தக் காலத்தில் அரைக்கும் பொடி செய்வதற்காகக் கல்மரங்களை நொறுக்கும் ஆலை ஒன்றுகூடப் பக்கத்தில் வந்தது. அதைக் கண்டு உள்ளூர் மக்கள் எழுப்பிய குரல்தான் பாதுகாப்புக்கு வழி திறந்தது. 1906 டிசம்பர் 8 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். தேசியப் பூங்கா ஆனது 1962இல்.

ஜாஸ்பர் ஃபாரஸ்ட்டில் வண்டியை நிறுத்தி மேலிருந்து ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். அகேட் பிரிட்ஜும் அப்படித்தான்: ஓடைக்குக் குறுக்கே பாலமாகக் கிடக்கும் 110 அடிக் கல்மரம். அதன் அடியில் தெரியும் கான்கிரீட் உத்தரம் 1917இல் முட்டுக் கொடுத்தது. இன்றைக்கு இருந்தால் அப்படிச் செய்ய மாட்டார்கள். தானாக விழட்டும் என்று விட்டுவிடுவார்கள். மேலே ஏறி நடக்க அனுமதி இல்லை.

அடுத்தது புளூ மேசா. நேரம் குறைந்து எதையாவது விட வேண்டியிருந்தால் மற்றதை விடுங்கள், இதை விடாதீர்கள். முக்கியச் சாலையிலிருந்து பிரியும் 3 மைல் கிளைச்சாலை மேட்டின் மேல் ஏறிச் சுற்றி வரும். மேலிருக்கும் பார்வையிடங்களிலேயே நீலச்சாம்பல், ஊதா, வெள்ளை அடுக்குகள் நன்றாகத் தெரியும். கீழே இறங்கும் நடைபாதை ஒரு மைல். தொடக்கத்திலேயே செங்குத்தான இறக்கம். திரும்பும்போது அதே ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பூங்கா கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,400 அடி உயரத்தில் இருப்பதும் இதற்கு ஒரு காரணம். அப்பா அம்மா மேலேயே இருக்கட்டும். நீங்கள் மாறி மாறிப் பிள்ளையோடு இறங்கலாம். கீழே போய்வர முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

கீழே இறங்கியதும் இருபுறமும் களிமண் குன்றுகள். எரிமலைச் சாம்பல் சிதைந்து உண்டான பென்டோனைட் களிமண் இது. ஈரம் பட்டால் பல மடங்கு உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இப்படி உப்பியும் வெடித்தும் மேல்தோல் சொரசொரவென்று சிறு கட்டிகளாக நிற்கும். அதில் செடி வேர் பிடிக்க முடியாது. அதனால்தான் குன்றுகள் மொட்டையாக இருக்கின்றன. மழை ஒவ்வொரு தடவையும் மேல்தோலைக் கழுவிக்கொண்டு போவதால் புதைந்த மரங்கள் தொடர்ந்து வெளியே வருகின்றன. பாதையை விட்டு இந்தக் குன்றில் ஒரு அடி வைத்தாலும் தோல் நொறுங்கிவிடும். அந்தத் தடம் நெடுநாள் நிற்கும். ஈரமாக இருந்தால் செருப்பில் அப்பிக்கொண்டு ஆளையே சறுக்கிவிடும். வண்ணத்துக்குக் காரணம் பழைய மண்ணின் ஈரநிலை. காற்றுப்படும் மண்ணில் இரும்பு துருவேறிச் சிவந்தது. நீர் தேங்கிய சதுப்பு மண்ணில் அப்படி ஆகாமல் சாம்பலாகவும் நீலமாகவும் நின்றது. தெற்கில் இந்த நீலமும் வடக்கில் பெயின்டட் டெசர்ட்டின் சிவப்பும் ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

புளூ மேசாவைத் தாண்டினால் டீப்பீஸ் என்ற கூம்புக் குன்றுகள் சாலையோரம் வரும், வண்டியிலிருந்தே பார்க்கலாம். நியூஸ்பேப்பர் ராக்கில் 650க்கும் மேற்பட்ட பாறைக்கீறல்கள் உண்டு. மேலேயுள்ள தளத்திலிருந்துதான் பார்க்க முடியும். தொலைநோக்கி பொருத்தியிருப்பார்கள்; கையில் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பாறைக்கீறலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் சற்று வடக்கே பியூர்கோ பியூப்லோவுக்குப் போங்கள். 0.3 மைல் சமதளப் பாதை. சக்கர நாற்காலியும் போகும். பெரியவர்களுக்கு ஏற்ற நடை இதுதான். ஏறக்குறைய நூறு அறைகள் கொண்ட கிராமம் 1300ஐ ஒட்டிய காலத்தில் இங்கே இருந்தது. இப்போது அடித்தளக் கற்களைப் பார்க்கலாம். பாதையோரப் பாறையில் ஒரு சிறு சுருள் வட்டம் செதுக்கப்பட்டிருக்கிறது. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் காலை 9 மணி வாக்கில் ஓர் ஒளிக்கீற்று நகர்ந்து வந்து அதன் நடுவைத் தொடும். ஜூலை நடுவில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. பாறைக்கீறல்களைக் கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை அதைக் கெடுக்கும்.

மேம்பாலத்தைத் தாண்டியதும் ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலை போன தடம். 1932ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் கார் ஒன்றின் துருப்பிடித்த கூடும், வரிசையாக நிற்கும் பழைய தந்திக் கம்பங்களும்தான் மிச்சம். ஐந்து நிமிடம் போதும்.

அதன்பின் வரும் பார்வையிடங்கள் எல்லாம் பெயின்டட் டெசர்ட் என்ற செந்நிறப் பள்ளத்தாக்கை ஒரே விளிம்பிலிருந்து பார்ப்பவை. எல்லாவற்றிலும் இறங்க அவசியமில்லை. பின்டாடோ பாயின்ட், கச்சினா பாயின்ட் இரண்டும் போதும். கச்சினா பாயின்ட்டில் பெயின்டட் டெசர்ட் இன் என்ற பழைய விடுதிக் கட்டடம் இருக்கிறது. இப்போது அங்கே தங்க முடியாது, காட்சிக்கூடம் மட்டும். ஹோபி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்து ஓவியர் ஃபிரெட் கபோட்டி 1940களின் இறுதியில் தீட்டிய சுவரோவியங்களுக்காகவே உள்ளே போக வேண்டும். வெயிலுக்கு ஒதுங்கிக் குளிர்ச்சியாக உட்காரவும் நல்ல இடம். அங்கிருந்து டாவா பாயின்ட் வரை விளிம்பை ஒட்டி அரை மைல் பாதை உண்டு, ஏறக்குறைய சமதளம். ஒருவர் காரை எடுத்துக்கொண்டு டாவா பாயின்ட்டுக்குப் போனால் மற்றவர்கள் ஒரு வழி நடந்து சேரலாம்.

இனி ஜூலையின் ஆபத்துகள். பகல் வெப்பம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தொடும். காற்று உலர்ந்திருப்பதால் வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்கும் முன்பே உடம்பு வற்றத் தொடங்கியிருக்கும். ஊரின் புழுக்கத்துக்குப் பழகிய பெரியவர்கள் "வேர்க்கவே இல்லையே, தண்ணீர் எதற்கு" என்பார்கள். கேட்காதீர்கள், கால் மணிக்கு ஒருமுறை சில மிடறு குடிக்கச் சொல்லுங்கள். அரை நாளுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் காரில் இருக்கட்டும். தண்ணீரும் கழிப்பறையும் இரு முனைகளிலும் நிச்சயம் உண்டு. நடுவில் எண்ணிச் சில இடங்களில்தான். தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி அவசியம். மரத்துண்டுகளின் இடுக்கில் பிள்ளையைக் கைவிட விடாதீர்கள்: அங்கே விரியன் இனத்து ராட்டில் பாம்புகள் நிழலுக்கு ஒதுங்கும்.

வெயிலைவிட எனக்குக் கவலை தருவது இடி. ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை அந்தப் பகுதிக்கு மழைக்காலம். காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல இருக்கும். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு திடீரென்று இடிமின்னலோடு கொட்டும். பார்வையிடங்கள் எல்லாமே மேட்டு விளிம்புகள்; சுற்றிலும் உயரமான பொருள் நீங்கள் மட்டும்தான். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உடனே காருக்குள் வந்து கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்து வெளியே வந்தால் போதும். புளூ மேசாவில் கீழே இருக்கும்போது மழை பிடித்தால் ஏறி வருவது பெரும்பாடு. இதற்காகத்தான் காலையிலேயே அதை முடித்துவிடச் சொல்கிறேன்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நகக்கண் அளவு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. அது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். விசாவில் வந்திருக்கும் பெரியவர்களின் பைக்குள் அது இருந்தால் தலைவலி இன்னும் பெரிது. தரையெங்கும் சில்லுகள் கொட்டிக் கிடப்பதால், பிள்ளை கையில் ஒன்று ஏறுவது மிக எளிது. காரில் ஏறும் முன் சட்டைப்பையைப் பார்த்து, எடுத்த இடத்திலேயே போடச் சொல்லுங்கள். எடுத்துப் போனவர்கள் பிறகு மனம் உறுத்தி மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவது பல ஆண்டுகளாக நடக்கிறது. சில கடிதங்களை மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் திரும்பி வந்த கற்களை மறுபடி நிலத்தில் போட முடியாது. எந்த அடுக்கில், எந்த மரத்தருகே கிடந்தது என்பது தெரியாமல் கண்ட இடத்தில் போட்டால் ஆய்வாளர்களுக்கு அது பொய்ச் சாட்சி ஆகிவிடும். அதனால் தனியே ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இதே பூங்காவில் ராபர்ட் சியால்டினி என்ற சமூக உளவியலாளர் குழு நடத்திய சோதனை ஒன்று புகழ்பெற்றது. "பலர் கல்லை எடுத்துப் போய்விட்டார்கள், காடே மாறிவிட்டது" என்ற பொருளில் பலகை வைத்த பாதையில், அடையாளமிட்டுப் போட்ட துண்டுகளில் ஏறக்குறைய 8 சதவீதம் காணாமல் போயின. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று நேராகச் சொன்ன இடத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. பிள்ளையிடம் சொல்லும்போதும் "எல்லோரும் எடுக்கிறார்கள், நீ எடுக்காதே" என்று தொடங்க வேண்டாம். நினைவுப் பொருள் வேண்டும் என்றால் ஹோல்புரூக் கடைகளில் வாங்குங்கள். அவை பூங்காவுக்கு வெளியே தனியார் நிலத்தில் எடுத்தவை, சட்டப்படி விற்பவை. முன்கூட்டியே வாங்கிவிட்டால் ரசீதைப் பத்திரமாக வைத்து, நுழையும்போதே வாசலில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். வெளியேறும்போது வண்டியில் கல் இருக்கிறதா என்று கேட்கக்கூடும். பூங்காவைப் பார்த்த பிறகு ஹோல்புரூக்கில் வாங்கத்தான் உங்களுக்கு வழியில்லை, வடக்கே வெளியேறுகிறீர்கள். முந்தின மாலையே வாங்குவதாக இருந்தால் ரசீதும் வாசலில் சொல்வதும் அவசியம்.

சாப்பாடு கையில் இருக்கட்டும். சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்கு அந்த வட்டாரத்தில் கிடைப்பது குறைவு. சப்பாத்தி, புளியோதரை, பழம் என்று கட்டிக்கொண்டால் சின்டே பாயின்ட்டில் மேசை போட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிரோன் கூடவே கூடாது.

படம் எடுக்கும் ஆர்வம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கோடையில் 8 மணிக்கு வாசல் திறக்கும்போதே சூரியன் மேலேறியிருக்கும். 5 மணிக்கு மூடும்போது பொன்வெயில் இன்னும் வந்திருக்காது. ஜூலையில் நல்ல படம் தருவது மேகம்தான். தூறல் நனைத்த கல்மரத்தின் நிறங்கள் காய்ந்ததைவிட இரண்டு பங்கு அழுத்தமாக இருக்கும். சாய்ந்த வெயில் வேண்டும் என்பவர்கள் டிசம்பரில் வர வேண்டும். அப்போது மூடும் நேரமும் சூரியன் மறைவதும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். இரவில் உறைபனி இருக்கும், சில நாள் பனியும் பொழியும்.

எல்லாம் தாமதமாகி கையில் இரண்டே மணி நேரம் இருந்தால்: ஜயன்ட் லாக்ஸ் பாதை, புளூ மேசாவில் மேல்சுற்று மட்டும், கச்சினா பாயின்ட். இந்த மூன்றும் போதும். வழியில் வின்ஸ்லோவுக்கு மேற்கே விண்கல் பள்ளத்தையும் அதே காலையில் சேர்க்கலாமா என்று யோசித்தால், வேண்டாம். அதை முந்தின நாள் மாலை ஹோல்புரூக் வரும் வழியில் பார்த்துவிடுங்கள்.